நாள் தள்ளிப்போன அன்றே நான்கு வாரம்

நாள் தள்ளிப்போகிறதே என்று ஒரு பெண் காலண்டரைப் பார்க்கும்போதே மருத்துவக் கணக்கில் அவளுக்கு நான்கு வாரம் முடிந்திருக்கும். கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவதுதான் வழக்கம்; கரு உருவாகாத இரண்டு வாரமும் அதில் சேர்ந்துவிடும். சட்டமும் இந்தக் கணக்கைத்தான் பிடித்துக்கொள்கிறது.

இந்தியாவில் 1971-ஆம் ஆண்டுச் சட்டம் கருக்கலைப்பை அனுமதிக்கிறது. 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம்வரை ஒரு டாக்டரின் கருத்து போதும். வன்கொடுமைக்கு ஆளானவர்கள், 18 வயது நிரம்பாதவர்கள் போன்றோருக்கு இரண்டு டாக்டர்கள் சம்மதித்தால் 24 வாரம். கவனியுங்கள், கேட்பவள் பெண், தீர்மானிப்பவர் டாக்டர். மாத்திரை போட்டுக் கலைப்பதற்கோ 9 வாரம்தான் கெடு. அவள் கையில் மிஞ்சுவது ஐந்தே வாரம்.

அந்தக் கெடு ஏன்? கர்ப்பப்பையின் உட்சுவரைக் காப்பது புரோஜெஸ்டிரோன் ஹார்மோன். அது வந்து உட்காரவேண்டிய இடத்தை முதல் மாத்திரையான மிஃபெப்ரிஸ்டோன் முந்திப் பிடித்துக்கொள்கிறது; சுவர் தளர்கிறது. ஒன்றிரண்டு நாள் கழித்துப் போடும் அடுத்த மாத்திரையான மிசோப்ரோஸ்டால் கர்ப்பப்பையைச் சுருங்கவைத்து எல்லாவற்றையும் வெளியேற்றுகிறது. வாரங்கள் கூடக்கூட, முழுதாய்க் கலையாமல் போகும் வாய்ப்பும் ரத்தப்போக்கும் கூடும்.

மாதவிலக்கு ஒழுங்கில்லாதவளுக்குச் சந்தேகம் வரவே இரண்டு மாதம் ஆகலாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பயிற்சி பெற்ற டாக்டர் இல்லையென்றால் மாவட்ட மருத்துவமனைக்குப் போகவேண்டும். ஒரு நாள் கூலி போச்சு. அங்கே, "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாம்மா, கையெழுத்து வேணும்." 18 வயது நிரம்பியவளின் சம்மதம் மட்டுமே போதும் என்று சட்டம் தெளிவாகச் சொல்கிறது. இருந்தும் கேட்கிறார்கள். எனக்கு இதைவிட எரிச்சலூட்டும் தடை வேறில்லை.

மெடிக்கல் கடைக்காரருக்கு வேறு பயம்: பெண் சிசுவைக் கலைக்கிறார்கள் என்று சோதனைக்கு வந்துவிடுவார்களோ! ஆனால் மாத்திரைக்குக் கெடுவான 9 வாரத்தில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தாலும் ஆணா பெண்ணா தெரியாது. இருந்தும், வம்பெதற்கு என்று பலர் மாத்திரையே வைப்பதில்லை. கர்ப்பமானவள் சிறுமி என்றால், குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் போகவேண்டும். அவள் பெயரை டாக்டர் சொல்லத் தேவையில்லை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

2015-இல் இந்தியாவில் சுமார் 1.56 கோடி கருக்கலைப்புகள் நடந்ததாக ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அவற்றில் முக்கால்வாசி, மருத்துவமனைக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. முறையாகப் போட்டால் மாத்திரை பாதுகாப்பானதுதான். ஆனால் கரு கருக்குழாயில் தங்கியிருந்தால் மாத்திரை அதைக் கலைக்காது. ரத்தம் பட்டதும் கலைந்துவிட்டது என்று அவள் நினைத்துக்கொண்டிருப்பாள். குழாய்க்குள் கரு வளர்ந்துகொண்டிருக்கும்.