சிறுநீரகத்துக்குள் ஓர் உப்பளம்

வாலிநோக்கம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "அம்மா உப்பளத்தில் வேலை பார்க்கிறார். கோடை வந்தாலே நீர்க்கடுப்பு. உடம்புச் சூடு என்கிறார்கள், உண்மையா?"

சூடு வெளியில் இருக்கிறது. உள்ளே குறைவது தண்ணீர். வியர்த்தால் ரத்தத்தின் செறிவு கூடும், மூளையிலிருந்து வாசோபிரெசின் ஹார்மோன் வரும், சிறுநீரகம் நீரை மிச்சம் பிடிக்கும். இது பள்ளியில் படித்ததுதான். மிச்சம் பிடிக்கிற விதம்தான் எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காதது.

சிறுநீரகங்கள் ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகின்றன. வெளியேறுவது ஒன்றரை லிட்டர் போல. மீதியைத் திரும்ப இழுக்க வேண்டும், ஆனால் நீரை நேரடியாக இறைக்கும் பம்பு உடலில் இல்லை; உப்பை இறைக்கத்தான் உண்டு. அதனால் சிறுநீரகம் தனக்குள்ளேயே ஓர் உப்பளம் கட்டிக்கொள்கிறது. கொண்டை ஊசிபோல வளைந்த ஹென்லே குழாயில், மேலேறும் கிளை உப்பை வெளியே தள்ளும், நீரை விடாது. இறங்கும் கிளையோ நீரை விட்டுவிடும். இறங்க இறங்கக் கரிக்கும் நீர், வளைந்து மேலேறும்போது இன்னும் உப்பை வெளியே கொடுக்கும். பாத்திக்குப் பாத்தி உவர்நீர் உறைப்பேறுவது மாதிரியேதான். உடலின் கழிவுப்பொருளான யூரியாவும் சேர்ந்துகொள்ள, அடிவளைவைச் சுற்றி ரத்தத்தைவிட நான்கு மடங்கு செறிவு. சிறுநீர் அந்த வழியாக இறங்கும்போது வாசோபிரெசின் வந்தால் சிறுநீரைச் சேகரிக்கும் குழாயின் சுவரில் அக்வாபோரின் என்ற நீர்வழிகள் திறக்கும். வெளியே இருக்கும் உப்பு, அவற்றின் வழியே நீரை இழுத்துக்கொள்ளும். அக்வாபோரினைக் கண்டறிந்த பீட்டர் அக்ரிக்கு 2003இல் நோபல் பரிசு கிடைத்தது.

அந்த நான்கு மடங்குதான் எல்லை. சிறுநீர் குறைந்தால் கிருமியை அடித்துக்கொண்டு போக ஆள் இல்லை, கல்லும் சேரும். பெண்களுக்குச் சிறுநீர் வெளியேறும் குழாயின் நீளம் சுமார் 4 செ.மீ.தான், கிருமி சுலபமாக ஏறிவிடும். பல உப்பளங்களில் கழிப்பறை கிடையாது. அதனால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள், வந்தாலும் அடக்கிக்கொள்கிறார்கள்.

கொட்டகை நிழலில் கணக்கெழுதுபவருக்கும் இதே சிறுநீரகம்தான். எழுந்துபோய்விட்டு வர அவருக்கு முடிகிறது, அம்மாவுக்கு முடியவில்லை. இதை நான் அரசியல் என்றே சொல்வேன். மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவின் கரும்புத் தோட்டங்களில் இளம் தொழிலாளர்களுக்கே சிறுநீரகம் பழுதாகிறது. தண்ணீர், நிழல், ஓய்வு கொடுத்த இடத்தில் பாதிப்பு குறைந்தது. டயாலிசிஸுக்கு ஒதுக்கும் பணத்தில் கொஞ்சம் உப்பளக் கழிப்பறைக்கும் போகட்டும். கூலி பேசும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள்.

கடுப்போடு காய்ச்சலும் விலாவலியும் வந்தால் மட்டும் காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே அம்மாவை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.