படம் போன பெரிய ரீவி: மூன்று ரியூப்பும் ஒன்றாக இருண்டால்

சத்தம் வருகிறது, படம் வரவில்லை. பழைய பின்வீச்சு ரீவி (உள்ளிருந்து திரையின் முதுகில் படத்தை வீசும் பெரிய பெட்டி) வைத்திருப்பவர்கள் திருத்துபவரிடம் அதிகம் கொண்டுவரும் முறைப்பாடு இதுதான். ஏ-9 வீதி 2002இல் திறந்த பிறகு கொழும்பிலிருந்து லொறியில் வந்தவையும், கனடாவில் இருக்கும் உறவினர்கள் அனுப்பியவையுமாக இந்தப் பெரிய பெட்டிகள் யாழ்ப்பாணத்தில் சில வீடுகளின் ஹோலில் இன்னும் நிற்கின்றன. திரை இருண்டதும் "ரியூப் போச்சுது, இனி எறியவேண்டியதுதான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். அது பல தடவை பிழையான தீர்ப்பு. ரியூப்கள், அதாவது படக்குழாய்கள், நல்லாகவே இருக்கும். ரீவிதான் அவற்றை வேண்டுமென்றே இருட்டாக்கி வைத்திருக்கும்.

இந்தப் பெட்டிக்குள் இருப்பவை மூன்று ரியூப்கள்: சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று. ஒவ்வொன்றின் முகமும் பெரும்பாலும் 7 அங்குலம்தான். ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு லென்ஸ். மூன்று படங்களும் பெட்டியின் பின்பக்கம் சாய்வாக நிற்கும் பெரிய கண்ணாடியில் பட்டுத் திரும்பி, திரையின் முதுகில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. அவ்வளவு சின்னப் படத்தை 50 அங்குலத்துக்கு விரித்தால் வெளிச்சம் பரந்து மங்கிவிடும். அதனால் சாதாரண ரீவியின் ரியூப்பைவிட மிக உக்கிரமாக இவற்றை எரியவிடுகிறார்கள். உள்ளே உயர் மின்னழுத்தம் 30,000 வோல்ற் அளவுக்குப் போகும். ரியூப்பின் முகம் சூடு தாங்காமல் வெடித்துவிடாதிருக்க, முகத்துக்கும் லென்ஸுக்கும் நடுவில் கிளைக்கோல் கலந்த திரவத்தை நிரப்பியிருப்பார்கள்.

இந்த உக்கிரம்தான் விஷயத்தின் மையம். படத்தை வரையும் எலெக்ட்ரோன் கற்றை ரியூப்பின் முகத்தில் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும்: நம் நாட்டின் பால் (PAL) ஒளிபரப்பு முறையில் செக்கனுக்கு 15,625 கோடுகள், மேலிருந்து கீழாக 50 தடவை. கற்றையை மேலும் கீழும் இழுக்கும் சுற்று நின்றுபோனால் அத்தனை வலுவும் ஒரே கோட்டில் விழும். இரண்டு இழுப்பும் நின்றால் ஒரே புள்ளியில் விழும். ஒளிரும் பூச்சு சொற்ப நேரத்தில் கருகி, அந்தத் தழும்பு என்றைக்கும் மாறாது. இதைத் தெரிந்தே வடிவமைத்தவர்கள் ஒரு காவலை வைத்தார்கள். கற்றை ஓடுவதற்கான துடிப்பு வருகிறதா என்று ஒரு சுற்று பார்த்துக்கொண்டே இருக்கும். வராவிட்டால் மூன்று ரியூப்பையும் அந்தக் கணமே அணைத்துவிடும். சத்தம் தன் பாட்டில் வந்துகொண்டிருக்கும்.

இதிலிருந்து நல்ல தர்க்கம் ஒன்று கிடைக்கிறது. ஒரு ரியூப் செத்தால் படம் போகாது, நிறம்தான் மாறும். பச்சை போனால் படம் ஊதாச் சாயலில் வரும், நீலம் போனால் மஞ்சளாக வரும். மூன்று ரியூப்பும் ஒரே இரவில் சாவது நடக்காத காரியம் என்றே சொல்லலாம். ஆகவே முழு இருட்டு என்றால், மூன்றுக்கும் பொதுவான இடத்தில்தான் தேடவேண்டும்.

தேடும் முன் உயிர்ப் பாதுகாப்பு. வீட்டு மின்சாரத்தின் 230 வோல்ற் நேரோட்டமாக (டிசி) மாறும்போது 325 வோல்ற் வரை ஏறி, பெரிய கப்பாசிற்றரில் தேங்கி நிற்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது இருக்கும், ரியூப்களிலும் இருக்கும். அதை முறையாக இறக்கத் தெரியாதவர் பின்மூடியைத் திறக்கக் கூடாது.

தெரிந்தவர் முதலில் பார்ப்பது ரியூப்களின் கழுத்தை. அங்கே மங்கலான செம்மஞ்சள் வெளிச்சம் தெரிந்தால் இழை எரிகிறது. பல மொடல்களில் அந்த இழைக்கு மின் வருவது உயர் அழுத்தம் உண்டாக்கும் ரான்ஸ்போமரிலிருந்துதான். அப்படிப்பட்ட பெட்டியில் அந்தச் சின்ன வெளிச்சமே, கற்றையைப் பக்கவாட்டில் இழுக்கும் கிடைக்கோட்டுச் சுற்று ஓடுகிறது என்பதற்குச் சாட்சி. இழை எரிகிறது, படம் இல்லை என்றால், ஒவ்வொரு ரியூப்பின் வெளிச்சத்தையும் கூட்டிக் குறைக்கும் ஸ்கிரீன் எனப்படும் திருகிகளின் பழைய நிலையைக் குறித்துக்கொண்டு, அவற்றில் ஒன்றை மட்டும் மெல்லக் கூட்டலாம். திரை முழுக்க மங்கலான கோடுகள் வந்தால் கற்றை ஓடுகிறது, படச் சமிக்ஞைதான் வந்து சேரவில்லை. நடுவில் குறுக்கே ஒரே ஒரு கோடு வந்தால் நிலைக்குத்து இழுப்பு இல்லை. உடனே குறைத்துவிடுங்கள். அந்தக் கோட்டைத்தான் காவல் சுற்று இவ்வளவு நேரமும் மறைத்து வைத்திருந்தது. காவலை வெட்டிவிட்டுப் படத்தை எப்படியாவது வரவழைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள், நல்ல ரியூப்பைக் கொல்லும் வேலை அது.

நிலைக்குத்துப் பழுது பெரும்பாலும் ஒரு ஐசி (மின்சுற்றுச் சில்லு), அல்லது அதன் கால்களைச் சுற்றி வெடித்த ஈயம். சூடேறி ஆறி, சூடேறி ஆறி, ஈயத்தில் மயிர்போல ஒரு வளையம் விழும். நல்ல லைற்றைச் சாய்த்துப் பிடித்துப் பூதக்கண்ணாடியால் பார்த்தால் தெரியும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவையுங்கள்.

பெட்டி எழும்பி, சில செக்கனில் 'டிக்' என்று தானே அணைந்தால் சந்தேகம் வேறு இடத்துக்குப் போகும். மூன்று ரியூப்பும் மூன்று கோணத்தில் நிற்பதால் அவற்றின் படங்கள் தாமாகப் பொருந்தாது. வளைத்துப் பொருத்துவதற்குத் தனிச் சுருள்களும் அவற்றை ஓட்டும் கன்வேர்ஜன்ஸ் ஐசிகளும் உண்டு. கடுமையாகச் சூடாகும் இவை சோர்ட்டாகும்போது மின்வழங்கியையே இழுத்து விழுத்திவிடும். ஒன்று போயிருந்தாலும் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றுவதுதான் புத்தி. பக்கத்திலுள்ள, சில ஓம் அளவுள்ள தடைகளையும் மீற்றரால் அளந்து பாருங்கள். புது ஐசியின் முதுகில் வெப்பப் பசை பூச மறக்க வேண்டாம்.

நம் ஊர்க் காற்றையும் கணக்கில் எடுக்கவேண்டும். சோளகத்தில் தூசி, மாரியில் ஈரம், கடற்கரைப் பக்கம் உப்பு. உயர் அழுத்தம் தூசியைத் தன்னிடம் இழுக்கும், ஈரம் சேர்ந்ததும் அந்தத் தூசி வழியே மின் கசியும். படபடவென்ற சத்தமோ ஓசோன் மணமோ வந்தால் அதுதான். துடைக்கும்போது பெரிய கண்ணாடியைத் துணியால் தேய்க்காதீர்கள். அதன் பளபளக்கும் பூச்சு பின்னால் இல்லை, முன்முகத்தில் இருக்கிறது, கீறினால் போயிற்று. குளிர்விக்கும் திரவம் கசிந்திருந்தால் பிள்ளைகளையும் நாயையும் தள்ளி வையுங்கள். எதிலீன் கிளைக்கோல் இனிக்கும், ஆனால் நஞ்சு. கனடாப் பெட்டி என்றால் 120 வோல்ற் மொடலா என்று முதலில் பாருங்கள். நேரே 230இல் செருகியிருந்தால் பியூசிலிருந்து தேடத் தொடங்கவேண்டும்.

ரியூப் இல்லாமல் விளக்கு வைத்த பின்வீச்சு ரீவிகளும் உண்டு. அவற்றில் டிஎல்பி வகையில் படத்தை உண்டாக்குவது, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தில் லாரி ஹோர்ன்பெக் 1987இல் உருவாக்கிய நுண்கண்ணாடிச் சில்லு. இங்கேயும் அதே குணம்தான்: விளக்கின் வெளிச்சத்துக்கு நிறம் கொடுக்கும் நிறச்சக்கரம் சரியான வேகத்தில் சுற்றாவிட்டால் ரீவி விளக்கை ஏற்றவே ஏற்றாது. மின்விசிறி ஓடி, விளக்கு ஏற்ற முயன்று, முன்னாலுள்ள சின்ன லைற் மின்னினால் விளக்கு, அதை ஏற்றும் பலாஸ்ட், நிறச்சக்கரம் மூன்றையும் பாருங்கள். விளக்குக்குள் இருப்பது மிகை அழுத்தப் பாதரச ஆவி. உடைந்தால் ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போங்கள்.

ரியூப் வகையில் கன்வேர்ஜன்ஸ் ஐசி மாற்றிப் படம் திரும்பி வந்ததும் கோடுகளைப் பொருத்த அவசரப்படாதீர்கள். அரை மணி நேரம் ஓடவிட்டுச் சூடேறிய பிறகு கட்டக்கோட்டுப் படத்தைப் போட்டு, முதலில் பச்சையை நேராக்கி, அதன்மேல் சிவப்பையும் நீலத்தையும் கொண்டுவாருங்கள். ஆறிய பெட்டியில் பொருத்தினால் சூடேறியதும் மறுபடி விலகும்.