துருப்பிடித்த பழைய ராணுவக் கைத்துப்பாக்கி: எதைச் செய்யலாம், எதைத் தொடவே கூடாது

எண்பது வயதுக்கு மேலான ராணுவக் கைத்துப்பாக்கி ஒன்றின் பிடித்தகடுகளை, அதாவது கைப்பிடியின் இருபுறமும் உள்ள தகடுகளை, கழற்றிப் பாருங்கள். வெளியே செம்பழுப்பாகச் சொரசொரத்துக் கிடக்கும் இரும்பு, தகட்டுக்கு அடியில் மட்டும் கருநீலமாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே, தகட்டின் விளிம்பு உட்கார்ந்திருந்த இடத்தில், வெள்ளம் வடிந்த சுவரில் தெரிவதுபோல ஒரு துருக்கோடு ஓடும். தொழிற்சாலையிலிருந்து வந்த அன்று அந்தத் துப்பாக்கி எப்படி இருந்தது என்பதற்கு மிஞ்சியிருக்கும் சாட்சி அந்தக் கருநீலத் துண்டுதான். மற்ற வேலையெல்லாம் அதை அளவுகோலாக வைத்துத்தான் நடக்க வேண்டும். பல பத்தாண்டு ஈரத்தில் தப்பிப் பிழைத்த மேற்பரப்பை, சுழலும் கம்பித் தூரிகையும் ஒரு பாட்டில் அமிலமும் ஒரே பிற்பகலில் அழித்துவிடுகின்றன. அப்படி அழிந்ததைத் திரும்பக் கொண்டுவர வழியே இல்லை.

தகட்டைக் கழற்றுவதற்கும் முன்னால் செய்யவேண்டியது ஒன்று உண்டு. குழல் யாரையும் நோக்காத திசையில் இருக்கட்டும். மேகசினை (தோட்டாக்கள் அடுக்கிய பெட்டியை) உருவிவிட்டு, ஸ்லைடை (மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை) முழுக்கப் பின்னிழுத்து, சுடத் தயாராகத் தோட்டா உட்காரும் குண்டறையைக் கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பாருங்கள். மேகசினை எடுத்துவிட்டால் துப்பாக்கி காலி என்று நினைப்பது தப்பு. குண்டறையில் ஒரு தோட்டா தனியாக இருக்கலாம். ரிவால்வர் என்றால் உருளையின் ஒவ்வொரு அறையையும் பாருங்கள். துருவில் ஸ்லைடு இறுகிப்போய் உள்ளே பார்க்கவே முடியவில்லை என்றால், அது குண்டு நிரப்பிய துப்பாக்கி என்றே வைத்துக்கொள்ளுங்கள். சுத்தியல் வேண்டாம், சூடு வேண்டாம், மின்சாரமும் வேண்டாம். உரிமம் பெற்ற துப்பாக்கித் தொழில்நுட்பரிடமோ காவல்துறையிடமோ தெரிவிப்பது ஒன்றே வழி. மண்ணிலிருந்து தோண்டியெடுத்த துப்பாக்கிக்கும் இதே விதிதான். அதை எடுத்த இடத்திலேயே விட்டுவிட்டுத் தகவல் சொல்லுங்கள். வைத்திருக்க உரிமம் வேண்டுமா, செயலிழக்கச் செய்த நிலையில்தான் வைத்திருக்கலாமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். அதைத் தெளிவாக்கிக்கொள்ளாமல் திருப்புளியைக் கையில் எடுக்க வேண்டாம்.

நீலமும் ஒரு துருதான்

இந்த ஒன்று புரிந்தால் பாதித் தவறுகள் நடக்காது. துப்பாக்கியின் கருநீலம் பெயிண்ட் அல்ல. அது இரும்பே ஆக்சிஜனோடு சேர்ந்து உருவான மேக்னடைட் என்ற கருப்பு ஆக்சைடு. மிக மெல்லிய படலம். செந்துரு அதன் நெருங்கிய உறவு. ஆகவே செந்துருவைக் கரைக்கும் எதுவும் நீலத்தையும் கரைக்கும். வினிகர், எலுமிச்சைச் சாறு, குளிர்பானம், பாஸ்பாரிக் அமிலம், கடைகளில் கிடைக்கும் துருநீக்கித் திரவம் எல்லாமே இதில் சேர்த்தி. ஊறவைத்து எடுத்தால் துரு போயிருக்கும், நீலமும் போயிருக்கும், வெளிறிய சாம்பல் நிற இரும்பு மட்டும் மிஞ்சும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் இன்னும் மோசம். நுண்குழிகளுக்குள் குளோரைடை விட்டுச் செல்வதால், சில வாரங்களில் அதே இடத்தில் துரு மறுபடி பூக்கும்.

எல்லா ராணுவத் துப்பாக்கிக்கும் பூச்சு ஒன்றல்ல. 1908-இல் ஜெர்மன் ராணுவம் ஏற்ற லூகர் பி08-இன் பழைய பிரதிகளில் மெதுவாகத் துருவேற்றிக் கொதிக்கவைத்து உண்டாக்கிய நீலம் இருக்கும். அவற்றின் விசை (ட்ரிகர்) போன்ற சிறு பாகங்கள் சூட்டில் வைக்கோல் நிறம் ஏற்றப்பட்டவை. அந்த மஞ்சள் படலம் மிகமிக மெல்லியது. எஃகுப் பஞ்சால் நாலு இழுப்பு இழுத்தால் போய்விடும். 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்ற கோல்ட் பிஸ்டல் முதலில் நீலமாகத்தான் வந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அதே பிஸ்டல் பார்க்கரைசிங் எனப்படும் சாம்பல் பச்சை பாஸ்பேட் பூச்சோடு வந்தது. அந்தப் பூச்சு இயல்பிலேயே சொரசொரப்பானது. துரு என்று நினைத்து அதைத் தேய்த்து வழவழப்பாக்குகிறவர்கள் அசல் பூச்சைத்தான் தேய்க்கிறார்கள். நிக்கல் முலாம் பூசியதாக இருந்தால் அம்மோனியா கலந்த குழல் கழுவிகளைத் தவிர்த்துவிடுங்கள். முலாமுக்கு அடியில் செம்புப் படலம் இருந்தால், அம்மோனியா அதை அரித்து நிக்கலைச் செதில் செதிலாகக் கிளப்பிவிடும்.

கழற்றுதல்

ஒவ்வொரு படியையும் படம் எடுங்கள். பாகங்களை வரிசையாகத் தனித்தனிக் கிண்ணங்களில் வையுங்கள். எண் பொறித்த பாகங்களின் எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். இடுக்குகளுக்கு ஊடுருவும் எண்ணெய் விட்டு, அவசரப்படாமல் மூன்று நாளாவது ஊறவிடுங்கள். அசிட்டோனையும் தானியங்கி கியர் எண்ணெயையும் சம அளவில் கலந்தால் நல்ல ஊடுருவி கிடைக்கும். அது எளிதில் தீப்பற்றும். கைப்பிடியின் பிளாஸ்டிக்கையும் மெருகையும் கெடுக்கும். ஆகவே அவற்றைக் கழற்றிய பிறகே பயன்படுத்துங்கள்.

திருகுகள்தான் முதலில் பலியாகின்றன. சாதாரணத் திருப்புளியின் முனை ஆப்பு போலச் சரிந்திருக்கும். அழுத்தித் திருகும்போது அது திருகுத் தலையில் உள்ள பள்ளமான காடியிலிருந்து ஏறி வழுக்கி, காடியின் விளிம்பைக் கிழித்துவிடும். துப்பாக்கி வேலைக்கான திருப்புளியின் முனை இணையான பக்கங்கள் கொண்டது. காடியின் அகலத்தையும் நீளத்தையும் நிரப்பும் அளவைத் தேர்ந்தெடுங்கள். அசையாத திருகைக் கட்டாயப்படுத்தாமல், எண்ணெய் விட்டு மறுநாள் பாருங்கள். ஸ்பிரிங் உள்ள பாகங்களைத் தெளிவான பிளாஸ்டிக் பைக்குள் கை வைத்துக் கழற்றினால், தெறிப்பது பைக்குள்ளேயே நிற்கும். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இதைச் செய்யக் கூடாது.

துருவை எடுக்கும் வரிசை

முதலில் எண்ணெயும் பித்தளையும். இரும்பைவிட மென்மையான உலோகம் துருவைச் சுரண்டும், ஆனால் இரும்பில் கீறாது. பித்தளைத் தகடு ஒன்றின் விளிம்பைத் தட்டையாகத் தேய்த்து, எண்ணெய் ஊறிய துருக்கொப்புளத்தைப் பக்கவாட்டில் தள்ளினால் அது பொருக்குப் பொருக்காகப் பெயரும். அடுத்தது நான்கு பூஜ்ய (0000) எஃகுப் பஞ்சு, மிக நுண்ணிய வகை. எண்ணெயோடு, விரல் நுனியின் எடைக்கு மேல் அழுத்தாமல். துணியில் வரும் நிறத்தைக் கவனியுங்கள். செந்நிறமாக வரும்வரை துரு வருகிறது. கருநீலமாக மாறத் தொடங்கினால் பூச்சு வருகிறது, உடனே நிறுத்துங்கள். பெரும்பாலான துப்பாக்கிகளுக்கு இந்த ஒரு கட்டமே போதும். மேலே போக வேண்டிய தேவை பலர் நினைப்பதைவிடக் குறைவு.

பரவலான செந்துரு இருந்து, அடியில் நீலம் மிஞ்சியிருக்கிறது என்று தோன்றினால் கொதிநீர்தான் சரியான கருவி. கொதிக்கும் தண்ணீரில் செந்துரு கருப்பு ஆக்சைடாக மாறும். பூச்சை எடுக்காமல், துருவையே பூச்சாக்கும் முறை இது. உலோகப் பாகங்களை மட்டும் அசிட்டோனால் எண்ணெய் போக நன்றாகத் துடையுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில், முழுதும் மூழ்க, 20 முதல் 30 நிமிடம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். குழாய்த் தண்ணீரின் உப்புகள் வெள்ளைத் திட்டுகளை விடும். குளோரைடு புதுத் துருவைக் கிளப்பும். வெளியே எடுத்ததும் சூட்டிலேயே ஈரம் பறந்துவிடும். செம்பழுப்பு இருந்த இடத்தில் வெல்வெட்டு போலக் கருந்தூசி படிந்திருக்கும். அதைப் புது எஃகுப் பஞ்சால் மெல்லத் துடைத்தெடுங்கள். கடையில் வாங்கிய பஞ்சில் எண்ணெய் இருக்கும். அதையும் அசிட்டோனில் அலசி உலர்த்திய பிறகே தொடவேண்டும், இல்லையென்றால் அடுத்த சுற்றுக் கொதிப்பு திட்டுத்திட்டாக அமையும். செம்மை மறையும்வரை மூன்று, நான்கு முறை இதையே செய்யுங்கள். துவாரங்களிலும் அடைபட்ட குழிகளிலும் தேங்கிய நீரை அழுத்தக் காற்றால் ஊதி, பாகத்தை இளஞ்சூட்டில் நன்றாக உலரவிட்டு, சூடு ஆறும் முன்பே எண்ணெய் தடவுங்கள்.

பூச்சு ஒரு துளியும் மிஞ்சவில்லை, துரு அடுக்கடுக்காக இருக்கிறது என்றால் மட்டும் மின்பகுப்பு. நான்கு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா, 12 வோல்ட் நேர்மின்சாரம். பாகம் எதிர்முனையில், பழைய மென் எஃகுத் தகடு நேர்முனையில். மாற்றி இணைத்தால் கரைவது துப்பாக்கிதான். நேர்முனைக்குத் துருப்பிடிக்காத எஃகைப் போடாதீர்கள்; நச்சான குரோமியம் சேர்மம் தண்ணீரில் கலக்கும். கிளம்பும் ஹைட்ரஜன் வெடிக்கக்கூடியது, ஆகவே திறந்த வெளியில், தீப்பொறி இல்லாமல் செய்யுங்கள். ஸ்பிரிங்குகளையும் கடினமாக்கப்பட்ட சிறு பாகங்களையும் இதில் போடக் கூடாது. ஹைட்ரஜன் உள்ளே புகுந்து எஃகை நொறுங்கும் தன்மையாக்கும். அலுமினியப் பாகங்களைக் காரநீர் அரித்துவிடும்.

எழுத்துகளும் விசைப்பாகங்களும்

ஆய்வு முத்திரை, தொழிற்சாலை முத்திரை, வரிசை எண் ஆகியவற்றைச் சுற்றி நகத்தால் தடவிப் பாருங்கள். அச்சு அடித்தபோது பிதுங்கிய உலோகம் மிகச் சன்னமான மேடாக நிற்கும். மணல் தாளோ மெருகுச் சக்கரமோ பட்டால் முதலில் போவது அந்த மேடு, பிறகு எழுத்தின் கூர்மை, பிறகு துப்பாக்கிச் சட்டகத்தின் நேர்விளிம்புகள். வரிசை எண் மங்கினால் பிரச்சினை மதிப்பு குறைவதோடு முடியாது. எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் பல நாடுகளில் குற்றம். முத்திரைகளுக்குள் துரு இருந்தால் எண்ணெயில் தோய்த்த கூர்மூங்கில் குச்சியே போதும்.

விசைப்பாகங்களும் சுத்தியும் (தோட்டாவை வெடிக்க அடிக்கும் பாகம்) ஒன்றையொன்று பிடித்து நிற்கும் முகங்களைச் சுத்தம் செய்வதோடு நிறுத்துங்கள். பல பழைய துப்பாக்கிகளில் அவை மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்டவை. மென்மையாக இழுக்கட்டும் என்று அரம் போட்டால், கடினத் தோல் போய், சுத்தி தானாக விழும் துப்பாக்கியாகிவிடும்.

குழல்

இரண்டாம் உலகப்போர்க் காலத்துத் தோட்டாக்களில் பெரும்பாலானவற்றின் பொறிமருந்தில் (வெடிமருந்தைப் பற்றவைக்கும் மருந்தில்) பொட்டாசியம் குளோரேட் இருந்தது. அது வெடித்ததும் பொட்டாசியம் குளோரைடாகக் குழலுக்குள் படியும். சமையல் உப்பைப் போலவே காற்றின் ஈரத்தை இழுக்கும் இந்த உப்பு எண்ணெயில் கரையாது. அன்று எண்ணெய் மட்டும் போட்டு வைத்த துப்பாக்கிகளின் குழல்கள் இன்று குழிகுழியாக இருப்பதற்கு இதுதான் காரணம். முதலில் சூடான காய்ச்சி வடித்த நீரால் கழுவி, வெண்கலத் தூரிகை ஓட்டி, உலர்த்தி, அப்புறமே எண்ணெய்.

குழல் பளபளத்துவிட்டால் சுடலாம் என்று அர்த்தமில்லை. துருக்குழிகளின் அடியிலிருந்து விரிசல் ஓடலாம், அது கண்ணுக்குத் தெரியாது. காந்தத்துகள் சோதனையோ சாய ஊடுருவல் சோதனையோ செய்து, தகுதிபெற்ற தொழில்நுட்பர் எழுதிக் கொடுக்கும்வரை அது காட்சிப்பொருள்தான். ஆழக் குழி விழுந்த குண்டறை இருந்தால் அதற்குப் பிறகும் காட்சிப்பொருள்தான்.

கைப்பிடியும் காப்பும்

வால்நட் மரத் தகடுகளை மணல்தாளால் தேய்க்காதீர்கள். பிடிப்புக்காகச் செதுக்கிய வைர வடிவக் கோடுகளின் முனை போனால் போனதுதான். மென்மையான தூரிகையும் சிறிது ஒயிட் ஸ்பிரிட்டும் (பெயிண்டை நீர்க்கச் செய்யும் கரைப்பான்) கொண்டு அழுக்கை எடுத்து, ஆளிவிதை எண்ணெயை ஒரு துளி மட்டும் தடவி, 20 நிமிடத்தில் மிச்சத்தைத் துடையுங்கள். அந்தத் துணியைச் சுருட்டிப் போடாமல் விரித்துக் காயவிடுங்கள். சுருண்ட நிலையில் தானாகவே தீப்பிடிக்கும். பழைய பேக்லைட் (கெட்டியான பழங்காலப் பிளாஸ்டிக்) தகடுகளைத் தேய்க்கவோ துளையிடவோ வேண்டாம். சிலவற்றில் கல்நார் கலந்திருக்கும்.

கடைசியில், காட்சிக்கு வைப்பதென்றால் எண்ணெயைவிட நுண்படிக மெழுகு நல்லது. பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆய்வுக்கூடத்தில் 1950-களில் உருவான ரினைசான்ஸ் மெழுகு இந்த வகைதான். எண்ணெய் வடிந்து தூசியை இழுக்கும், மெழுகு அசையாமல் நிற்கும். பருத்திக் கையுறையோடு மெல்லிய படலமாகத் தடவி, சில நிமிடம் கழித்துத் துடையுங்கள்.

அசல் தோல் உறையில் துப்பாக்கியைப் போட்டு வைப்பது அழகாகத் தெரியும், ஆனால் தோல் பதனிடும்போது சேர்ந்த அமிலமும் உப்பும் ஈரத்தோடு கூடி இரும்பைத் தின்னும். இரண்டும் அருகருகே இருக்கட்டும், ஒன்றுக்குள் ஒன்று வேண்டாம். ஈரப்பதம் 40 முதல் 50 சதவீதத்துக்குள், கூடவே சிலிக்கா ஜெல். முதல் மூன்று மாதம் வாரத்துக்கு ஒருமுறை திறந்து, வெள்ளைப் பருத்தித் துணியால் ஸ்லைடின் அடிவிளிம்பையும் பிடித்தகட்டின் ஓரத்தையும் ஒற்றியெடுங்கள். துணியில் ஆரஞ்சுக் கறை தெரிந்தால், அந்தப் பாகத்தைக் கழற்றி, மெழுகு முழுவதையும் எடுத்துவிட்டு, மறுபடி கொதிநீருக்குக் கொண்டுபோங்கள்.