மாட்டு வண்டிக்காக வெட்டிய ரோடு சைக்கிளுக்கு ஏன் இவ்வளவு பொருந்துகிறது?

நுவரெலியாவுக்குச் சைக்கிளில் ஏறலாமா என்று மலையகத்தில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள், முதலில் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள், அப்புறம் பஸ் ஸ்டாண்டுக்கு வழி காட்டுவார்கள். அந்தப் பயம் உயரத்தை நினைத்து வருவது. கம்பளை கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, நுவரெலியா 1,868 மீட்டர், ஆக சுமார் 1,400 மீட்டர் மேலே போக வேண்டும். கேட்கவே மூச்சு வாங்குகிறது, சரி. ஆனால் புசல்லாவை, ரம்பொடை, லபுக்கலை வழியாகப் போகும் அந்த ரோடு இந்த உயரத்தை 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் பரப்பி வைத்திருக்கிறது. கணக்குப் போட்டால் 100 மீட்டர் முன்னே போவதற்கு இரண்டரை மீட்டர் ஏற்றம், அதாவது சராசரி 2.5 சதவீதச் சாய்வு. நடுவில் இறக்கமும் உண்டு, 6, 7 சதவீதம் வரும் துண்டுகளும் உண்டு. இருந்தாலும் மொத்த உயரத்தைப் பார்த்து நாம் நினைக்கிற அளவுக்கு அது செங்குத்தான ரோடு கிடையாது.

சாய்வு காலை என்ன செய்கிறது என்று பார்ப்போம். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் போக 20 வாட் கூடத் தேவைப்படாது, டயர் உரசலும் கொஞ்சம் காற்றும்தான் எதிரி. அதே வேகத்தில் 6 சதவீத ஏற்றத்தில் போனால் ஏறத்தாழ 150 வாட் வேண்டும். 10 சதவீதம் என்றால் 230 வாட்டுக்கு மேல். ஓரளவு பழக்கமுள்ள ஒருவர் ஒரு மணி நேரம் தொடர்ந்து கொடுக்கக்கூடியது 100 முதல் 150 வாட் வரை என்று எடுத்துக்கொண்டால், எல்லைக்கோடு எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும். 6 சதவீத ஏற்றத்தில் வேகத்தை 7 கிலோமீட்டராகக் குறைத்தால் 100 வாட் போதும். ஏறும்போது வேகம் குறைவு என்பதால் காற்றுத்தடை கணக்கிலேயே வராது, குனிந்து ஓட்டி ஒரு பயனும் இல்லை, நிமிர்ந்து உட்கார்ந்து வசதியாக மூச்சு விடுங்கள். அங்கே செலவாகிற சக்தி எல்லாம் எடையைத் தூக்கத்தான்.

மெதுவாகப் போக வேண்டும் என்றால் அதற்கேற்ற கியர் இருக்க வேண்டும். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. டவுனில் ஓடுகிற சாதாரண ஒற்றைக் கியர் சைக்கிளில் முன்பல்லு 44, பின்பல்லு 18 என்று இருந்தால், பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் ஐந்து மீட்டருக்கு மேல் போகும். 6 சதவீத ஏற்றத்தில் ஒவ்வொரு மிதிக்கும் சராசரியாக 26 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம், காலின் உச்ச அழுத்தம் அதைவிட அதிகம். அதனால்தான் எழுந்து நின்று மிதிக்கிறோம், அப்படியும் முட்டு வலிக்கிறது. முன்னும் பின்னும் 34 பல்லு உள்ள கியரில் அதே ஏற்றத்துக்கு 11 கிலோவுக்குச் சற்றுக் குறைவு போதும், நிமிடத்துக்கு 60 சுற்றுச் சுற்றினால் மணிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் உட்கார்ந்தபடியே ஏறிப் போகலாம். செய்கிற வேலை ஒன்றுதான், அதைச் சின்னச் சின்ன மிதிகளாகப் பிரித்துக் கொடுக்கிறது கியர். மலையகத்துக்குச் சைக்கிள் வாங்குகிறவர்கள் விலையையும் நிறத்தையும் பார்க்கும் முன்னால் பின்சக்கரத்தின் பெரிய பல்லுச் சக்கரத்தில் எத்தனை பல்லு என்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சாப்பாட்டுக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். 80 கிலோவை 1,400 மீட்டர் தூக்க 260 கிலோகலோரி அளவு வேலை நடக்கிறது. ஆனால் நம் தசைகள் சாப்பாட்டுச் சக்தியில் நாலில் ஒரு பங்கையோ ஐந்தில் ஒரு பங்கையோதான் வேலையாக மாற்றும், ஆகவே ஏற்றத்துக்கு மட்டும் 1,000 முதல் 1,300 கிலோகலோரி எரியும். மீதி எல்லாம் உடம்புச் சூடு. மெதுவாக ஏறும்போது முகத்தில் காற்று அடிக்காததால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் வியர்த்துக் கொட்டும். நல்ல வேளையாக ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஆறு பாகைக்கு மேல் குளிர் கூடுகிறது. கம்பளையில் விடியற்காலையில் புறப்பட்டு, வெயில் ஏற ஏற நீங்களும் ஏறிக்கொண்டே இருந்தால் உடம்பு கிட்டத்தட்ட ஒரே நிலையில் இருக்கும். நுவரெலியாவில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு, கடைசிக் கிலோமீட்டர்களில் மூச்சு கொஞ்சம் கூடுதலாக வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இனி, இந்த ரோடு ஏன் இப்படி அமைந்தது என்ற கேள்வி. மலையகத்தின் பழைய பிரதான ரோடுகள் கோப்பிக் காலத்தில், மோட்டார் வண்டி என்ற ஒன்று இல்லாத நாளில், மாட்டு வண்டியை நினைத்து வெட்டப்பட்டவை. ஒரு தொன் ஏற்றிய வண்டிக்கு 5 சதவீத ஏற்றம் வந்தால் மாடுகள் கூடுதலாக 50 கிலோ எடைக்குச் சமமாக இழுக்க வேண்டும், 10 சதவீதம் என்றால் 100 கிலோ. இறக்கத்தில் அதே அளவு வண்டி மாட்டைத் தள்ளும். அதனால் அளந்து ரோடு போட்டவர்கள் நேராக மேலே ஏறாமல், மலையைச் சுற்றிச் சுற்றி, தூரத்தைக் கூட்டிச் சாய்வைக் குறைத்தார்கள். மாடு தாங்கக்கூடிய சாய்வும் மனிதக் கால் தாங்கக்கூடிய சாய்வும் ஏறத்தாழ ஒன்றே. கோச்சிப் பாதைக்கு இந்தக் கட்டுப்பாடு இன்னும் கடுமை. இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிமானம் குறைவு என்பதால் மேல்நாட்டுப் பாதையின் ஏற்றம் 44க்கு 1 என்ற அளவோடு நிற்கிறது, அதாவது 2.3 சதவீதம். 1885இல் நானுஓயா வரை வந்த பாதை பதுளையைத் தொட 1924 ஆனது. இந்த ரோடுகளையும் பாதைகளையும் குடைந்து, கல் உடைத்துப் போட்ட கைகளில் தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர்களின் கைகள் ஏராளம். ஏற்றத்தில் மெதுவாகப் போகும்போதுதான் ஓரத்துக் கற்கட்டைக் கல் கல்லாகப் பார்க்க முடிகிறது. பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது கண்ணில் படாமலே போய்விடுகிறது என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

காட்சி அழகும் இதே சாய்வுக் கணக்கிலிருந்துதான் பிறக்கிறது. மலைச்சரிவு வழவழவென்ற சுவர் கிடையாது, சேலைக் கொசுவம் மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். சாய்வைக் குறைவாக வைத்துக்கொள்ள ரோடு ஒவ்வொரு மடிப்புக்குள்ளும் போய் வெளியே வர வேண்டும். உள்மடிப்பில் ஓடை, பாலம், பீலித் தண்ணீர், மரநிழல், குளிர்ந்த காற்று. வெளிமுனைக்கு வந்தவுடன் பள்ளத்தாக்கு முழுவதும் திறக்கும், எதிர் மலையின் தேயிலையும் லயங்களும் ஸ்டோர் என்று நாம் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் கூரையும் தெரியும், காற்றும் அடிக்கும். அடுத்த மடிப்பில் மறுபடி மறையும். தலவாக்கலைப் பக்கம் டெவன், சென் கிளேயர் நீர்வீழ்ச்சிகளை ஹட்டன் ரோட்டிலிருந்தே பார்க்க முடிவதும், ரம்பொடையில் அருவிக்குப் பக்கத்திலேயே ரோடு போவதும் இதனால்தான். சுரங்கம் குடைந்து நேர் ரோடு போட்டிருந்தால் பயணம் சீக்கிரம் முடிந்திருக்கும், பார்க்க ஒன்றும் இருந்திருக்காது.

தோட்டத்து ரோடுகளுக்கு இந்த விதி பொருந்தாது. அவை ஸ்டோருக்கும் லயத்துக்கும் மலைக்கும் குறுக்காகப் போகிறவை, கொழுந்து லொறி முதல் கியரில் ஏறினால் போதும் என்று போடப்பட்டவை. குறுக்கு வழி என்று போனில் வரைபடம் காட்டினால் நம்ப வேண்டாம். ஹப்புத்தளையிலிருந்து தம்பேதன்னை தோட்டம் வழியாக லிப்டன் சீட் போகிற ரோடு பிடித்த இடம்தான், ஆனால் அதைத் தனி நாளாக வைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வளைவின் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஏறுகிற உயரம் ஒன்று, தூரம் மட்டும் வேறு. உள்விளிம்பின் ஆரம் 5 மீட்டர், வெளிவிளிம்பின் ஆரம் 12 மீட்டர், ஏற்றம் இரண்டரை மீட்டர் என்று வைத்தால், வெளியே 7 சதவீதத்துக்கும் குறைவு, உள்ளே 16 சதவீதம்! நாம் இடது பக்கம் ஓட்டுகிறவர்கள், ஆகவே ஏறும்போது வலப்புறம் திரும்பும் வளைவு சுகம், இடப்புறம் திரும்பும் வளைவு தண்டனை. இடது வளைவு கண்ணில் பட்டவுடனே கியரைக் குறைத்துவிடுங்கள், வளைவுக்குள் போனபின் மாற்றினால் செயின் இறுக்கத்தில் சிக்கும்.

எந்த மாதத்தில் எந்தப் பக்கம் போவது? மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஈரத்தோடு வந்து மலையின் மேற்குச் சரிவில் ஏறுகிறது, ஏறும்போது குளிர்ந்து மேகமாகி வட்டவளை, ஹட்டன் பக்கம் கொட்டித் தீர்க்கிறது. ஈரத்தை இறக்கிவிட்ட காற்று மறுபக்கம் ஊவாவுக்குள் இறங்கும்போது ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் பத்துப் பாகை வரை சூடேறுகிறது. ஏறும்போது மேகம் உண்டாவதால் வெளிப்படும் வெப்பம் குளிர்ச்சியை மட்டுப்படுத்துகிறது, இறங்கும்போது அப்படி எதுவும் இல்லை, அதனால் மறுபக்கம் வறண்டு சூடாக வந்து சேர்கிறது. இதைத்தான் கச்சான் காற்று என்கிறோம். ஊவாத் தேயிலைக்கு அந்த மாதங்களில் தனி மணம் வருவதும் இந்த வறண்ட காற்றால். ஜூலையில் நுவரெலியாவில் மழைக்கோட்டோடு புறப்பட்டு, ஹக்கலை தாண்டி வெலிமடைக்கு இறங்குவதற்குள் கோட்டைக் கழற்றி மடித்து வைக்க நேரும். அந்தக் காலத்தில் வெலிமடை, பண்டாரவளை, எல்ல பக்கமே போங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை ஹட்டன், தலவாக்கலைப் பக்கம் தெளிவாக இருக்கும். ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் இடிமழை எங்கும் வரும், வெட்டிய மண்சரிவு நனைந்து பாரமாகி இறங்குவதும் இந்தப் பருவத்தில் அதிகம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை வந்திருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள், யோசிக்கவே வேண்டாம்.

கடைசியாக இறக்கம். ஆட்கள் ஏற்றத்தைக் கண்டு பயப்படுகிறார்கள், ஆபத்து இருப்பது இறக்கத்தில். எல்லயிலிருந்து இராவணன் நீர்வீழ்ச்சியைத் தாண்டி வெல்லவாய வரை 30 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் 800 மீட்டருக்கு மேல் இறங்குகிறது. ஏறும்போது எடையைத் தூக்க நீங்கள் கொடுத்த சக்தி எல்லாம் இங்கே வெளியே வந்தாக வேண்டும், காற்று வாங்காத பங்கை பிரேக் வாங்கும். 8 சதவீத இறக்கத்தில் மணிக்கு 50 கிலோமீட்டரில் போனால் காற்றே பெரும்பகுதியை வாங்கிவிடும். 15 கிலோமீட்டரில் போனால் பிரேக்கில் சுமார் 225 வாட் சூடு ஏறும். எல்லாவற்றிலும் மோசம் நடுவேகம்: மணிக்கு 30 கிலோமீட்டரில் பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினால் 330 வாட்! பாதுகாப்பான வேகம் என்று நாம் நினைப்பதும் அதைத்தான். ரிம் பிரேக், அதாவது சக்கரத்தின் விளிம்பை ரப்பர் பிடிக்கும் பிரேக், உள்ள சைக்கிளில் அந்தச் சூடு நேரே ரிம்முக்குப் போகும், ரிம் கொதித்தால் டியூப் வெடிக்கலாம்.

50இல் பறப்பது தீர்வு ஆகாது. ஓரத்தில் மணல், நடுவில் நாய், எதிரே தனியார் பஸ். 10 மீட்டர் ஆரமுள்ள வளைவை 20 கிலோமீட்டரில் எடுத்தால் சைக்கிள் 17 பாகைதான் சாயும், 30இல் எடுத்தால் 35 பாகை, நனைந்த தாரில் அந்தச் சாய்வை டயர் தாங்காது. நான் சொல்வது இதுதான்: நேர்த்துண்டில் கொஞ்சம் விடுங்கள், வளைவுக்கு முன்னாலேயே இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடித்து வேகத்தைக் கொட்டுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள். விட்ட நேரத்தில்தான் ரிம் ஆறும். நாலைந்து கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்துங்கள், ரிம்மைத் தொட்டுப் பார்க்க விரலைக் கொண்டு போகாதீர்கள், தோல் உரியும், பக்கத்தில் கையை வைத்தாலே சூடு தெரியும். மழையில் முதல் ஓரிரு சுற்றுக்கு பிரேக் ரப்பர் தண்ணீரைத்தான் துடைக்கும், பிடிக்காது, ஆகவே இன்னும் முன்னாலேயே தொடங்க வேண்டும். புறப்படும் முன் நுவரெலியாவிலோ பண்டாரவளையிலோ பிரேக் ரப்பரைப் பாருங்கள், பள்ளக்கோடு தேய்ந்து மறைந்திருந்தால் அங்கேயே மாற்றிக்கொண்டு இறங்குங்கள்.