சாளரக் காலமா, பிடிபடாக் காலமா?

பாலியல் நோய்கள் பற்றித் தமிழில் வெளிவரும் துண்டுப்பிரசுரங்களிலும் விழிப்புணர்வுக் கட்டுரைகளிலும் ‘சாளரக் காலம்’ என்றொரு தொடர் வருகிறது. சிலர் ‘யன்னல் காலம்’ என்று எழுதுகிறார்கள். வைத்தியர்களும் ஆய்வுகூடத்தில் வேலை செய்பவர்களும் பேச்சில் ‘விண்டோ பீரியட்’ என்றே சொல்லிவிடுகிறார்கள். நோய்க்கிருமி உடலுக்குள் புகுந்த நாளுக்கும், குருதிப் பரிசோதனையில் அது தெரியத் தொடங்கும் நாளுக்கும் இடைப்பட்ட காலம் என்பதே இதன் பொருள். அந்த இடைவெளிக்குள் குருதி கொடுத்தவருக்கு நோய் இருந்தாலும் அறிக்கை இல்லையென்றே வரும்.

பொருள் இவ்வளவு எளியது. ஆனால் ‘சாளரக் காலம்’ என்ற தமிழ்த்தொடரைக் கேட்பவருக்கு இந்தப் பொருள் கிடைப்பதில்லை.

ஆங்கிலச் சொல்லான ‘விண்டோ’ பழைய நோர்ஸ் மொழியிலிருந்து வந்தது. அங்கே அதன் பொருள் காற்றின் கண். நம்மிடம் அதற்கு ஈடான பழைய சொல் ‘காலதர்’: கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. சிலப்பதிகாரத்துப் புகார் மாளிகைகளுக்கு மான்கண் போன்ற காலதர்கள் இருந்தன. யாழ்ப்பாணத்தார் நாவில் இன்றும் வழங்கும் யன்னல், போர்த்துக்கேயரின் ‘ஜனேலா’. ஆக, பொருளைக் குறிக்க நமக்குச் சொற்பஞ்சம் இல்லை. ஆங்கிலத்தில் அந்தச் சொல் சுவரை விட்டுக் காலத்துக்கும் நகர்ந்தது. ஒரு காரியத்துக்கென வாய்க்கும் குறுகிய பொழுதையும் அவர்கள் ‘விண்டோ’ என்கிறார்கள்; விண்கலம் ஏவத் தகுந்த நேரத்துக்கும் அதே பெயர். தமிழில் சாளரமோ யன்னலோ அப்படி நகரவில்லை. நமக்கு யன்னல் என்பது வெளிச்சம் வருமிடம், வெளியே பார்க்குமிடம். அப்படியிருக்கச் ‘சாளரக் காலம்’ என்று படித்தவர், பார்க்க முடிகிற காலம் என்றுதானே நினைப்பார்? உண்மையில் அது பார்க்க முடியாத காலம். நோயாளி நம்பி நடக்கும் ஒரு சொல் நேரெதிர்ப் பொருளைத் தருவதை நான் சிறிய குறையாக எண்ணவில்லை.

பாலியல் நோய்களில் ஒன்றான சிபிலிஸை வைத்துப் பார்த்தால் இதன் கனம் விளங்கும். பாதுகாப்பற்ற உறவு ஒன்றின் பின் ஒருவருக்குப் பயம் வருகிறது. வெட்கம் காரணமாக யாரிடமும் கேட்காமல், ஒரு வாரத்தில் தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் குருதி கொடுக்கிறார். ‘நொன் ரியாக்டிவ்’ என்று அறிக்கை வருகிறது. அத்துடன் அவர் நிம்மதியாகிவிடுகிறார். அந்த அறிக்கை பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த உறவைப் பற்றி அது எதையுமே சொல்லவில்லை. அதற்கு முந்திய காலத்தைப் பற்றித்தான் சொன்னது.

ஏன் அப்படி? சிபிலிஸுக்குக் காரணம் திருகுச்சுருள் வடிவான ஒரு பற்றீரியா. 1905 இல் பெர்லினில் சௌடின், ஹொஃப்மன் என்ற இருவர் அதை நுணுக்குக்காட்டியில் கண்டார்கள். மறு ஆண்டே வாசர்மன் குருதிப் பரிசோதனையைக் கொண்டுவந்தார். அன்றிலிருந்து இன்றுவரை வழக்கமான குருதிப் பரிசோதனைகள் கிருமியைத் தேடுவதில்லை. கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரியைத்தான் தேடுகின்றன. பாடசாலை விஞ்ஞானத்தில் நாம் படித்த அதே பிறபொருளெதிரிதான். உடல் அதைப் போதிய அளவில் உண்டாக்க நாள் எடுக்கும். பனங்கொட்டையைப் பாத்தியில் போட்ட மறு வாரமே கிண்டிப் பார்த்துவிட்டுக் கிழங்கு இல்லை என்று யாழ்ப்பாணத்தில் எவரும் கொட்டையைக் குறை சொல்வதில்லை.

இந்த நாள்கணக்கை உறவு நடந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். சிபிலிஸின் முதல் அடையாளமான புண் 10 முதல் 90 நாட்களுக்குள் தோன்றும். சராசரி 21 நாள். இதை நோயரும்பு காலம் என்கிறோம். இதுவும், ‘விண்டோ பீரியட்’ என்று சொல்லப்படும் பிடிபடாக் காலமும் ஒன்றென்று பலர் மயங்குவதுண்டு. முன்னது அறிகுறி தோன்றும்வரையுள்ள காலம். பின்னது பரிசோதனையில் தெரியும்வரையுள்ள காலம். சிபிலிஸில் பெரும்பாலும் புண் முந்திவிடும். சிபிலிஸுக்கு வழக்கமாகச் செய்யும் வீ.டீ.ஆர்.எல். என்ற குருதிப் பரிசோதனை புண் வந்து ஒன்று முதல் நான்கு வாரங்களில்தான் மாற்றம் காட்டத் தொடங்கும். ஆகவே புண் கண்ணுக்குத் தெரிகிற நாளிலேயே குருதி சுத்தமாக இருப்பதாக அறிக்கை வரலாம். அந்தப் புண் பெரும்பாலும் வலிப்பதில்லை. மூன்று முதல் ஆறு வாரங்களில் மருந்தில்லாமலே ஆறியும் விடும். பாமசியில் களிம்பு வாங்கிப் பூசியவர் களிம்புதான் ஆற்றியது என்று நம்பிவிடுகிறார். கிருமியோ உள்ளே இருக்கிறது; உள்ளங்கை, உள்ளங்கால் தடிப்பாகப் பிறகு வரும், பல ஆண்டுகள் கழித்து இதயத்தையும் மூளையையும் தொடவும் கூடும்.

புண் இருக்கும்போதே வைத்தியரிடம் போவது இதனால்தான் முக்கியம். புண்ணிலிருந்து ஊறும் நீரை எடுத்து இருள்புல நுணுக்குக்காட்டியில் பார்த்தால் கிருமியையே காணலாம். அந்தச் சோதனைக்குப் பிறபொருளெதிரிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

புண் எதுவும் இல்லாதவருக்கு: இரண்டாம் வாரத்தில் எடுத்த ‘இல்லை’யை ஒரு தொடக்கக் குறிப்பாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஆறாவது வாரத்தில் தொற்றியவர்களில் பெரும்பாலானோருக்குத் தெரிந்துவிடும். பன்னிரண்டு வாரம், அதாவது ஏறக்குறைய மூன்று மாதம், கடந்து எடுத்த முடிவும் ‘இல்லை’ என்றால், இடையில் புதிய தொடர்பு எதுவும் இல்லையென்றால், அதை நம்பலாம். நோயரும்பு காலம் 90 நாள்வரை நீளக்கூடும் என்பதால்தான் இந்த மூன்று மாதக் கணக்கு. துணைக்குச் சிபிலிஸ் இருப்பது உறுதியாகத் தெரிந்திருந்தால் மூன்று மாதம் காத்திருக்கத் தேவையில்லை. அண்மைத் தொடர்பு என்றால், குருதி முடிவு எதுவானாலும் வைத்தியர்கள் பெனிசிலின் ஊசி போட்டுவிடுவார்கள்.

‘நொன் ரியாக்டிவ்’ என்பதை ‘நோய் இல்லை’ என்று மொழிபெயர்ப்பவர்களுக்கும் ஒரு சொல். அதன் நேர்ப்பொருள் ‘வினை காணப்படவில்லை’. ஆய்வுகூடத்தார் அந்த அளவோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நாமும் அங்கேயே நிற்கலாம்.

மறுபுறம், ‘ரியாக்டிவ்’ என்று வந்தால் உடனே தலையில் கைவைக்கவும் வேண்டாம். வீ.டீ.ஆர்.எல். என்பது 1946 இல் அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்றில் உருவாகி அதன் பெயராலேயே வழங்கும் சோதனை. அது தேடுவது சிபிலிஸுக்கே உரிய பிறபொருளெதிரியை அல்ல. கொழுப்புப் பொருள் ஒன்றுக்கு எதிரானதை. கர்ப்பத்திலும், மலேரியா, தொழுநோய் போன்றவற்றிலும் அது வீணாக வினை காட்டக்கூடும். ஆகவே கிருமிக்கே உரிய ரீ.பீ.பீ.ஏ. போன்ற இரண்டாவது சோதனையால் உறுதிப்படுத்துவார்கள். அந்த இரண்டாவது சோதனை, நோய் முற்றாகக் குணமான பின்னும் பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுவதும் வினை காட்டும். குணமானதை அறிய வீ.டீ.ஆர்.எல். அளவு, அதாவது குருதியை எத்தனை மடங்கு ஐதாக்கியும் வினை தெரிகிறது என்ற கணக்கு, நான்கு மடங்கு குறைகிறதா என்று பார்ப்பார்கள்: 1:32 என்றிருந்தது 1:8 ஆக இறங்கினால் சிகிச்சை பலித்திருக்கிறது.

இவ்விடத்தில் ஈழத்துக்கே உரிய ஒரு சொல்லையும் குறிப்பிட வேண்டும். ‘பறங்கி வியாதி’ என்று தமிழ் அகராதிகள் சிபிலிஸைச் சொல்லும். சித்த மருத்துவத்தில் பறங்கிப்பட்டை இதற்கான மருந்துகளில் ஒன்று. ஆனால் பழைய இலங்கை மருத்துவப் பதிவுகளில் ‘பறங்கி’ என்பது வேறு நோய். உறவால் அன்றித் தோல் தொடுகையால், பெரும்பாலும் சிறுபிள்ளைகளுக்குப் பரவிய புண்நோய் அது. ஆயினும் இரண்டு நோய்க்கிருமிகளும் ஒரே இனத்தின் கிளைகள். வழக்கமான குருதிப் பரிசோதனைகளால் இன்றும் அவற்றை வேறு பிரிக்க முடியாது. ‘மேகநோய்’ என்ற சொல் இன்னும் அகலமானது. வெட்டை முதல் நீரிழிவுவரை அதற்குள் அடங்கிவிடும். இவற்றால் குழம்புவதைவிடச் சிபிலிஸ் என்றே எழுதுவது நல்லது.

‘விண்டோ பீரியட்’டுக்கு என் பரிந்துரை ‘பிடிபடாக் காலம்’. ‘புலப்படாக் காலம்’ என்பதும் சரியே, ஆனால் அறிகுறி புலப்படாமையோடு மயங்கும். ‘சோதனையில் பிடிபடவில்லை’ என்று நம்மவர்கள் இயல்பாகவே சொல்வார்கள். அதையே பெயராக்கினால், ‘சிபிலிஸின் பிடிபடாக் காலம் மூன்று மாதம்வரை நீளலாம்’ என்ற வாக்கியத்தை எந்த விளக்கமும் இன்றி ஒருவர் புரிந்துகொள்வார். நோய் உண்டு, சோதனைக்கு இன்னும் அகப்படவில்லை என்ற இரண்டும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கின்றன.

குருதி கொடுக்கும்போது தொடர்பு நடந்த தேதியையும், இடையில் அன்டிபயோடிக் ஏதும் எடுத்திருந்தால் அதையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தேதி தெரியாமல் எந்த அறிக்கையையும் சரியாக வாசிக்க முடியாது. அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம், விபரங்கள் வெளியே போவதில்லை. யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலையிலும் அந்தச் சேவை உண்டு.

கர்ப்பிணித் தாய்மாருக்குத் தொடக்க மாதங்களிலேயே சிபிலிஸுக்கான குருதிப் பரிசோதனை செய்யப்படுகிறது. தாயிலிருந்து சேய்க்கு இந்நோய் பரவுவதை ஒழித்த நாடென்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை அங்கீகரித்ததற்கு இந்த ஒழுங்கே அடித்தளம். ஆனால் அந்தப் பரிசோதனைக்கும் பிடிபடாக் காலம் உண்டு. அதன்பின் தொற்று வாய்ப்பு ஏற்பட்டிருந்தால், பதிவேட்டில் உள்ள பழைய முடிவு போதாது. குடும்பநல உத்தியோகத்தரிடமோ வைத்தியரிடமோ சொல்லி மறுபடி குருதி கொடுக்க வேண்டும். பெனிசிலின் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கப்படும் மருந்து. வயிற்றிலிருக்கும் பிள்ளையையும் அதுவே காக்கும்.