தனுஷ்கோடி மணல் படத்தில் ஏன் சிமெண்டாகிறது?

மாசி முதல் வாரம். வெயில் ஏறி அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அரிச்சல்முனைச் சாலையோரம் நின்று அதற்குள் ஐம்பது அறுபது படம் எடுத்துவிட்டேன். பக்கத்தில் வலையைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தவர் எட்டிப் பார்த்தார். "என்னண்ணே, நம்ம மண்ணா இது? சிமெண்டக் கொட்டி வச்ச மாதிரில இருக்கு."

திரையைப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான். எதிரே மணல் பளீரென்று வெளுத்துக் கிடக்கிறது, படத்திலோ அழுக்குச் சாம்பல்.

கேமராவில் கோளாறு ஒன்றும் இல்லை. அதிலுள்ள லைட் மீட்டர், பொருளின் மேல் பட்டுத் திரும்பும் ஒளியை மட்டுமே அளக்கிறது. மங்கல் வெளிச்சத்தில் தொங்கும் வெள்ளை வேட்டியும் உச்சி வெயிலில் காயும் கறுப்புக் குடையும் ஒரே அளவு ஒளியைத் திருப்பி அனுப்பக்கூடும். எது வெள்ளை, எது கறுப்பு என்று அந்த மீட்டருக்கு எப்படித் தெரியும்? அதனால் ஒரு உத்தேசக் கணக்கு வைத்திருக்கிறார்கள். எதிரே இருக்கும் காட்சி சராசரியாக 18 சதவீத ஒளியைத் திருப்பும் என்று வைத்துக்கொண்டு, அதை நடுத்தரச் சாம்பலாகக் காட்டு என்பதே அந்தக் கணக்கு. 18 என்பது புத்தகத்தில் உள்ள எண், கேமராவுக்குக் கேமரா கொஞ்சம் மாறும். பனங்காடு, தெரு, கூட்டம் என்றால் இந்த உத்தேசம் பெரும்பாலும் பலிக்கும்.

காய்ந்த வெளுத்த மணல் ஏறத்தாழ 35, 40 சதவீதம் திருப்பும். மீட்டர் எதிர்பார்த்ததைப்போல இரண்டு மடங்கு. 'வெளிச்சம் அதிகம்' என்று முடிவுகட்டி, கேமரா ஒளியைப் பாதியாகக் குறைத்துவிடுகிறது. இப்படி இரட்டிப்பதையும் பாதியாவதையும் படக்காரர்கள் 'ஒரு ஸ்டாப்' என்பார்கள். அப்படியென்றால் மருந்தும் அதுவே: எக்ஸ்போஷரில், அதாவது படத்துக்குள் விடும் ஒளியின் அளவில், +1 (ஒரு ஸ்டாப் கூடுதல்) வைக்க வேண்டும். போனில் எடுப்பவர்கள் திரையைத் தொட்டு, அருகில் தோன்றும் சூரியக் குறியை மேலே இழுத்தால் போதும்.

குளிர்நாட்டுக்காரர்களுக்கும் பிப்ரவரியில் இதே தொல்லைதான். அங்கே புதிதாக விழுந்த வெண்பனி 80 சதவீதத்துக்கு மேல் திருப்பும், ஆகவே அவர்கள் +2 வரை போகிறார்கள். நமக்கு இங்கே பனி என்றால் விடியலில் படகின் விளிம்பில் நிற்கும் ஈரம்தான். 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்ற பழமொழி கடலோரத்தில் அவ்வளவாகப் பொருந்தாது என்பது என் கருத்து. ஆனால் அந்த ஈரம் கேமராவை விடுவதில்லை. முதல் நாள் லாட்ஜின் ஏசி அறையிலிருந்து நேரே கரைக்கு வந்து மூடியைத் திறந்தேன். லென்ஸ் முழுக்க முத்து முத்தாக நீர். கடற்காற்றில் ஈரம் நிறைந்திருக்கும், குளிர்ந்த கண்ணாடியைத் தொட்டதும் அது நீராகப் படிந்துவிடும். துடைத்துப் பயனில்லை, துடைக்கத் துடைக்க வரும். பையை மூடியபடியே அரை மணி நேரம் வெளிக்காற்றில் வைத்திருந்தால் கண்ணாடியும் சூடேறிவிடும்.

மணலுக்கே திரும்புவோம். அலை ஏறி இறங்கிய இடத்தை உற்றுப் பாருங்கள். ஒரே மணல்தான், ஈரப் பகுதி மட்டும் கறுத்திருக்கும். காய்ந்த மணலில் துகள்களுக்கு இடையே காற்று இருக்கிறது. காற்றுக்கும் மணல் துகளுக்கும் ஒளியை வளைக்கும் திறனில் வேறுபாடு அதிகம் என்பதால், ஒளி துகளுக்குத் துகள் முட்டிச் சிதறி வெளியே வந்துவிடும். இடைவெளியில் நீர் நிறைந்தால் அந்த வேறுபாடு சுருங்குகிறது. ஒளி அதிகம் வளையாமல் உள்ளே இறங்கி, பல துகள்களைக் கடந்து, வழியிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். ஆகவே படத்தில் பாதிக்கு மேல் ஈர மணல் இருந்தால் +1 வேண்டாம். அதையும் ஒரு காலை முழுவதையும் வீணாக்கித்தான் கற்றேன்.

பூநாரைகள் இன்னும் சோதிக்கும். கோதண்டராமர் கோயிலைச் சுற்றிய ஆழமில்லாத நீர்ப்பரப்பில் இந்தப் பருவத்தில் அவை மேயும். 2025-ல் இப்பகுதியைப் பெரும் பூநாரைச் சரணாலயமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. இருண்ட நீரில் வெள்ளைப் பறவை சிறியதாக நிற்கும்போது கணக்கு தலைகீழாகிறது. மீட்டர் நீரைப் பார்த்து 'இருட்டு' என்று ஒளியைக் கூட்ட, பறவை வெறும் வெள்ளைப் பொட்டாகிவிடுகிறது. கேமராவுக்குள் ஒளியைப் பதியும் சென்சாரின் ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடம் மாதிரி. நிறைந்தபின் வழிவது எங்கும் பதிவாகாது, பிறகு கணினியில் எவ்வளவு இருட்டாக்கினாலும் இறகின் கோடு திரும்பாது. காலை ஒளியில் சிவப்புக்கான குடம்தான் முதலில் நிறையும். பூநாரையின் இளஞ்சிவப்பு, அது தின்னும் பாசியிலும் சிற்றிறாலிலும் உள்ள கரோட்டினாய்டு நிறமிகளால் வருவது. அந்த நிறத்தைத் தேடிப்போய் அதையே வழியவிடுவது பரிதாபம். இங்கே -1 வைத்து, படத்தில் இருட்டு இடதிலும் வெளிச்சம் வலதிலுமாக எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலது ஓரத்தில் முட்டாமல் பார்த்துக்கொள்கிறேன்.

இதற்கெல்லாம் நேரமும் குறைவு. ராமேஸ்வரம் நிலநடுக்கோட்டுக்கு ஏறத்தாழ 9 பாகை வடக்கே இருப்பதால் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக ஏறுகிறது. ஆறரை மணியையொட்டி உதித்தால் அடுத்த 25 நிமிடத்தில் 6 பாகை உயரத்துக்குப் போய்விடும், பொன்னிறம் அதோடு சரி. பிப்ரவரி நடுவில் லண்டனில் நண்பகலில்கூடச் சூரியன் 26 பாகைக்கு ஏறாது. இங்கே 68 பாகை. அவர்கள் நாள் முழுக்கப் பெறும் நீண்ட நிழல் நமக்கு ஒரு டீ குடிக்கும் நேரம்தான்.

மணல் சூடேறத் தொடங்கினால் இன்னொன்று வரும். தரையை ஒட்டிய காற்று சூடாகி, அதன் அடர்த்தி கணத்துக்குக் கணம் மாறும், அதன் வழியே வரும் ஒளியும் வளைந்து நெளியும். வெறும் கண்ணுக்கு அது கானல். நீள லென்ஸில், தூரத்துப் பூநாரையின் கால்கள் தண்ணீருக்கடியில் ஆடுவதுபோல் தெரியும். பிளஸ், மைனஸ் எதுவும் இதற்கு உதவாது. ஒன்பது மணிக்கெல்லாம் நான் முக்காலியை மடக்கிவிடுகிறேன்.