தேக்கா பக்கம் வீடா? புளோக் எண்ணை முதலில் கேளுங்கள்

சிங்கப்பூரில் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் வீவக வீடு, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடு தேடுகிறவர்கள் வாடகையை விசாரிக்கும் முன் ஒதுக்கீட்டை விசாரிக்க வேண்டும். முழு வீட்டை வெளிநாட்டவருக்கு வாடகைக்கு விட வட்டார அளவில் 8 விழுக்காடு, புளோக் அளவில் 11 விழுக்காடு என்று வீவக உச்சவரம்பு வைத்திருக்கிறது. சிங்கப்பூரர்களுக்கும் மலேசியர்களுக்கும் இந்தக் கட்டுப்பாடு இல்லை. தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வருபவர்களுக்கு உண்டு. வரம்பு நிரம்பிய புளோக்கில் வீட்டுக்காரர் எவ்வளவு விரும்பினாலும் உங்களுக்கு முழு வீட்டைத் தர முடியாது. அறையாக வேண்டுமானால் தரலாம்.  புளோக் எண்ணும் சாலைப் பெயரும் தெரிந்தால் வீவக இணையத்தளத்தில் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். அதைப் பார்க்காமல் சனிக்கிழமை முழுக்க வீடு வீடாக ஏறி இறங்குவது வீண்.

அடுத்து, வீட்டுக்காரருக்கு வாடகைக்கு விடும் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். குறைந்தபட்சக் குடியிருப்புக் காலம் (வாங்கியவர் தானே குடியிருந்தாக வேண்டிய காலம்) முடியாதவரும் நிரந்தரவாசியான உரிமையாளரும் முழு வீட்டை வாடகைக்கு விட முடியாது. தகுதி உள்ளவரும் நீங்கள் குடிபுகுமுன் வீவக அனுமதி வாங்கியாக வேண்டும். சிங்கப்பூரில் தங்குவதற்கான உங்கள் பாஸில் குறைந்தது 6 மாதமாவது செல்லுபடிக் காலம் மிச்சமிருக்க வேண்டும். வரவேற்பறையில் பலகை அடித்து உருவாக்கிய “அறை” மலிவாகக் கிடைக்கும். ஆனால் வீவக கட்டிக்கொடுத்த படுக்கையறைகளை மட்டுமே வாடகைக்கு விடலாம். சோதனை வந்தால் அந்தப் பலகையோடு நீங்களும் வெளியேற வேண்டியிருக்கும். விளம்பரத்தில் “மூவறை வீடு” என்றிருந்தால் இரண்டு படுக்கையறையும் ஒரு கூடமும் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இனி இடம். “எம்.ஆர்.டி. நிலையத்துக்கு 5 நிமிடம்” என்று எல்லா விளம்பரமும் சொல்லும். எந்த ரயில் பாதை, எந்தத் திசை என்பதுதான் தினமும் உங்கள் நேரத்தைத் தின்னும். டவுன்டவுன் பாதை நகர்மையத்தைச் சுற்றி வளைந்து போகிறது. லிட்டில் இந்தியா நிலையத்தில் ஏறினால் ரோச்சோர், பூகிஸ், புரோமனாட், பேஃபிரண்ட் என்று சுற்றிவந்து பத்தாவது நிறுத்தத்தில்தான் ஜாலான் புசார் வரும். இரண்டு நிலையங்களுக்கும் இடையே நடந்தே போய்விடலாம். கால் மணி நேரம் பிடிக்கும். ஆகவே சாங்கி பிசினஸ் பார்க்கில் வேலை என்றால் எக்ஸ்போ நிலையத்துக்குப் போக ஜாலான் புசார் அல்லது பெண்டமியர் பக்கம் வீடு பாருங்கள். பேஃபிரண்ட், டவுன்டவுன் நிலையங்களை ஒட்டி அலுவலகம் என்றால் லிட்டில் இந்தியா, ரோச்சோர் பக்கம் வசதி. ஹார்பர்ஃபிரண்ட், ஊட்ரம் பார்க் என்றால் வடகிழக்குப் பாதையிலுள்ள ஃபேரர் பார்க்கும் பூன் கெங்கும் நேரடி. வீடு தேக்காவில்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருப்பவர்கள் பெரும்பாலும் ரயில் வரைபடத்தைப் பார்க்காதவர்கள்.

பூன் கெங்கில் குடியிருந்தாலும் தேக்கா சந்தைக்கு ரயிலில் இரண்டே நிறுத்தம்தான். முருங்கைக்கீரைக்கும் மீனுக்கும் வாரம் ஒருமுறை போனால் போதும், அதற்காகச் சந்தைக்கு மேலேயே குடியிருக்க வேண்டியதில்லை. சிராங்கூன் சாலைக்கு மிக அருகில் வீடு எடுப்பவர்கள் ஞாயிறு மாலை 6 மணிக்கு மேல் அந்தத் தெருவில் ஒரு முறை நடந்து பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும். வெளிநாட்டு ஊழியர்களின் ஒரே ஓய்வுநாள் அது. நடைபாதையும் பேருந்து நிறுத்தமும் நிறைந்திருக்கும். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அது அவர்களுடைய இடமும்தான். ஆனால் கைக்குழந்தையுடன் தள்ளுவண்டி தள்ளுபவருக்கு அது பெரிய விஷயம். 2013 டிசம்பர் 8 அன்று லிட்டில் இந்தியாவில் நடந்த கலவரத்துக்குப் பிறகு வந்த 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி லிட்டில் இந்தியாவும் கேலாங்கும் மதுக் கட்டுப்பாட்டு வட்டாரங்கள். சனி காலை 7 மணியிலிருந்து திங்கள் காலை 7 மணி வரை அங்கே பொது இடத்தில் மது அருந்தக் கூடாது. தைப்பூசத்தன்று ஊர்வலம் சிராங்கூன் சாலை பெருமாள் கோவிலிலிருந்து புறப்படும் என்பதால் சுற்றுவட்டாரத்தில் சாலைகள் மூடப்படும். அன்று வீடு மாற்ற லாரி பேசிவிடாதீர்கள்.

கடைவீடுகளின் மேல்தளம் படத்தில் அழகாகத்தான் இருக்கும். பழைய மரத்தளம் என்றால் மேலே நடப்பது கீழே கேட்கும். கீழே உணவகம் இருந்தால் புகைபோக்கி எங்கே முடிகிறது என்று பாருங்கள், பல வீடுகளில் அது பின்பக்கச் சன்னலை ஒட்டியே இருக்கும். இரவு 10 மணிக்கு மேல் பின்சந்துக்குப் போய்க் குப்பைத் தொட்டிகளைப் பாருங்கள். எலி, கரப்பான் நிலவரம் அங்கேயே தெரிந்துவிடும். அந்தத் தளத்தைக் குடியிருப்பாகப் பயன்படுத்த அனுமதி உண்டா என்பதையும் எழுத்தில் கேளுங்கள், சில தளங்கள் அலுவலகத்துக்கு மட்டும் அனுமதி பெற்றவை.

வீடு பார்க்கப் பிற்பகல் 3 மணிக்கு மேல் போங்கள். மேற்கு பார்த்த படுக்கையறைச் சுவர் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு இரவு முழுக்க வெளியே விடும். ஏர்கான் கட்டணம் அங்கேதான் ஏறுகிறது. சமையல் பற்றி முதல் தொலைபேசி அழைப்பிலேயே கேட்டுவிடுங்கள். “லேசான சமையல்” என்றால் பல வீட்டுக்காரர்களுக்கு நூடுல்ஸ் வேகவைப்பது, தாளிப்பது அதில் சேராது. வாய்ப்பேச்சில் சரி என்றாலும், தினசரிச் சமையலுக்கு அனுமதி உண்டு என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

பள்ளிக்கு அருகில் வேண்டும் என்று கூடுதல் வாடகை கொடுக்கும் பெற்றோருக்கு ஒரு தகவல்: தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவில் 1 கிலோமீட்டர், 2 கிலோமீட்டர் தூர முன்னுரிமையால் பயன்பெறுவோர் குடிமக்களும் நிரந்தரவாசிகளும்தான். வெளிநாட்டுப் பிள்ளைகளின் முறை அவர்களுக்குப் பிறகு, மிச்சமுள்ள இடங்களுக்கே வரும். ஃபேரர் பார்க் பக்கம் இருந்தால் பீட்டி சாலை உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் அருகிலிருக்கும். தமிழ் வகுப்பு இல்லாத உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அது உதவும்.

பணம் கொடுக்கும் கட்டத்தில் மூன்று விஷயங்கள். முகவரின் பதிவு எண்ணைச் சொத்து முகவர் மன்றத்தின் பொதுப் பதிவேட்டில் சரிபாருங்கள். ஒரே முகவர் வீட்டுக்காரருக்கும் உங்களுக்கும் சேர்ந்து செயல்பட முடியாது. வீவக வாடகைப் பணத்தை முகவர் கையில் வாங்கவே கூடாது, தன் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இரண்டாண்டு ஒப்பந்தத்தில், வேலை போனாலோ இடம் மாற்றினாலோ வெளியேற உதவும் “டிப்ளமாட்டிக் கிளாஸ்” இருக்கட்டும். வழக்கமாக 12 மாதம் கழிந்து 2 மாத அறிவிப்பு, ஆக 14 மாதத்துக்கு முன் அது கைகொடுக்காது.

முத்திரைத் தீர்வை, அதாவது ஒப்பந்தத்துக்கு அரசுக்குக் கட்டும் வரி, வாடகைதாரர் பொறுப்பு. நான்காண்டுக்கு உட்பட்ட ஒப்பந்தத்துக்கு மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), இரண்டாண்டு என்றால் 288 வெள்ளி. கையெழுத்திட்ட 14 நாளில் கட்ட வேண்டும். முன்பணத்தைத் திருப்பித் தராத வீட்டுக்காரர்மீது சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகும்போது முத்திரையிட்ட ஒப்பந்தம்தான் சான்றாக நிற்கும். முத்திரைச் சான்றிதழின் பிரதியையும், குடிபுகுந்த நாளில் சுவர், சிங்க், ஏர்கான், மெத்தை எல்லாவற்றையும் எடுத்த படங்களையும் ஒரே கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.